ஸொம்பித் தொடர்களும் நம் இளைஞரின் விவாதமும்

இறந்தவர்கள் எழுந்து நடமாடி, உயிரோடிருப்போரைக் கடித்துத் தம்மைப் போலாக்கிவிடும் கற்பனையை மையமாகக் கொண்ட 'ஸொம்பி'த் தொலைக்காட்சித் தொடர்கள் இன்று உலகெங்கும் பெருந்தொகையான இரசிகர்களைக் கொண்டுள்ளன. கையடக்கத் தொலைபேசி சென்றடைந்த இடமெல்லாம் இவையும் சென்றடைந்துவிட்டன. குறிஞ்சாக்கேணி போன்ற கரையோர ஊர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அடுத்து எந்தப் பாத்திரம் வரும், எவர் சாவார், எவர் தலைமையேற்பார் என இளைஞர்கள் மணிக்கணக்கில் விவாதிப்பதைக் கண்டு மூத்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. இதனை வீண்பேச்சென ஒதுக்கிவிடாமல், அவ்விவாதம் உண்மையில் எதைப் பற்றியது என ஆராய்வது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

இவ்வகைத் தொடர்களில் மிகவும் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'த வோக்கிங் டெட்' ஆகும். 2010 ஒக்டோபர் 31 முதல் 2022 நவம்பர் 20 வரை பதினொரு பருவங்களாக 177 அத்தியாயங்கள் ஒளிபரப்பாகின. ரொபர்ட் கேர்க்மன் எழுதி, 2003 முதல் 2019 வரை 193 இதழ்களாக வெளிவந்த சித்திரக்கதையே இதன் மூலமாகும். தொலைக்காட்சிக்கு முன்னரே சித்திரக்கதை வெகுதூரம் சென்றுவிட்டமையால், அதனைப் படித்தவர்கள் வரப்போகும் பாத்திரங்களை முன்கூட்டியே அறிந்திருந்தனர். ஆயினும் தொடர் மூலக்கதையை அப்படியே பின்பற்றவில்லை. சித்திரக்கதையில் நீண்டகாலம் வாழும் அன்ட்ரியா திரையில் 2013இலேயே இறந்தாள். கதையின் இறுதிவரை உயிரோடிருக்கும் நாயகனின் மகன் கார்ல், திரையில் 2018இல் மாண்டான். மாறாக, இரசிகர்களின் பேரபிமானத்தைப் பெற்ற டரில் என்பவன் சித்திரக்கதையில் இல்லாதவன். தெரிந்த கதையிலும் எதுவும் நிச்சயமில்லை என்ற இந்நிலைதான் விவாதத்துக்கு எரிபொருளானது.

இதன் உச்சத்தை 2016இல் காண முடிந்தது. நீகன் என்னும் கொடியவன் நாயகர்களை முழந்தாளிடச் செய்து, அவர்களுள் ஒருவரை அடித்துக் கொல்வதோடு அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் திகதி ஆறாவது பருவம் முடிவடைந்தது. கொல்லப்பட்டவர் யார் என்பது காட்டப்படவில்லை. 2012இல் வெளிவந்த சித்திரக்கதையின் நூறாவது இதழில் நீகனின் கையால் இறந்தவன் கிளென். திரையிலும் அவன்தானா, வேறொருவரா என்ற கேள்வி ஆறு மாதங்களுக்கு மேல் இரசிகர்களை ஆட்டிப்படைத்தது. ஊகங்களை வெளியிட்டுவந்த இரசிகர் குழுவொன்றை வழக்குத் தொடர்வோமென ஒளிபரப்பு நிறுவனமே எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. ஒக்டோபர் 23ஆம் திகதி விடை வெளியானபோது ஆப்ரஹாம், கிளென் ஆகிய இருவரும் கொல்லப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் மட்டும் சுமார் ஒரு கோடியே 70 இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர்.

தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய ஆவல் புதியதன்று. 1950 முதல் 1954 வரை கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வெளிவந்த காலத்தில் அடுத்த இதழுக்காகக் காத்திருந்த தலைமுறையொன்று நம்மிடமும் இருந்தது. 2022இலும் 2023இலும் அது திரைப்படமாக வந்தபோது, வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் பொருத்தமானவர் யார், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற பழைய விவாதங்கள் புத்துயிர் பெற்றன. கற்பனைப் பாத்திரத்தைச் சொந்தக்காரரைப் போலப் பாவித்து உரிமையோடு பேசுவது கதை கேட்கும் மனித இனத்தின் பொது இயல்பாகும்.

ஆயினும் இவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' எனும் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் 2020இல் வெளிவந்தபோது, இரசிகர்களின் அன்புக்குரிய ஜோயலைக் கொல்லும் அபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லோரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் செய்த குற்றம் தம் தொழிலைத் திறம்படச் செய்தமையே. அதே கதை தொலைக்காட்சித் தொடராகி, 2025 ஏப்ரலில் ஜோயலின் மரணம் திரையில் வந்தபோதும் அபியை வெறுப்பதா, அவளது தந்தையின் கொலைக்காக அவள் பழிதீர்த்தாள் என விளங்கிக்கொள்வதா என்ற விவாதம் மீண்டும் மூண்டது. பாத்திரத்தின் மீதான கோபம் மனிதரின் மீது பாயும்போது இரசனை அங்கே மடிந்துவிடுகின்றது.

இனி, இக்கதைகளின் வேருக்கு வருவோம். 'ஸொம்பி' என்ற நம்பிக்கை கரீபியன் நாடான ஹெய்ட்டியில் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட ஆபிரிக்க அடிமைகளிடையே வளர்ந்தது. செத்த பின்னரும் எசமானுக்காக உழைக்க நேருமோ என்பதே அவர்களது அச்சம். அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் 1968இல் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' திரைப்படத்தை எடுத்த ஜோர்ஜ் ரொமெரோ. அப்படத்தில் 'ஸொம்பி' என்ற சொல்லே இல்லை. எழுந்து வருவோர் அதில் 'கூல்' எனவே அழைக்கப்படுகின்றனர். பாலைவனத்தில் வழிப்போக்கரை ஏமாற்றும் தீய பிறவியைக் குறித்த இவ்வரபுச் சொல், அரபுக் கதைகளோடு ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். படத்தின் முடிவு கவனத்துக்குரியது. இரவு முழுவதும் போராடி உயிர் தப்பிய கறுப்பின நாயகனை, மீட்க வந்தவர்களே 'கூல்' எனக் கருதிச் சுட்டுக் கொல்கின்றனர்.

அன்று முதல் இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரே கருத்தை வலியுறுத்தி வந்துள்ளன. செத்தவர்களைவிட உயிரோடிருப்போரே ஆபத்தானவர்கள்; பேரழிவு வந்தால் அயலவன் எதிரியாவான்; வாசலில் நிற்பவனுக்குக் கதவைத் திறப்பவன் ஏமாளி என்பதே அக்கருத்து. வரப்போகும் பாத்திரங்களைப் பற்றிய விவாதமும் 'புதிதாய் வருபவனை நம்பலாமா' என்ற இக்கேள்வியையே சுற்றிவருகின்றது. இக்கருத்து உண்மையா?

1963இல் அமெரிக்காவில் அனர்த்த ஆய்வு நிலையத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான சமூகவியலாளர் என்ரிகோ குவரண்டெல்லி, பல தசாப்த ஆய்வின் பின் இதற்கு மாறான முடிவையே கண்டார். இயற்கை அனர்த்தங்களில் மக்கள் பீதியில் ஒருவரையொருவர் மிதித்துச் செல்வது அரிது. முதலில் கைகொடுப்பவர் பெரும்பாலும் அயலவரே. இதனை அறிய நமக்கு அமெரிக்க ஆய்வு தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிண்ணியாவைத் தாக்கியபோது வீடிழந்தோருக்குப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. 2006 ஓகஸ்டில் மூதூரை விட்டு வெளியேறிய மக்களுக்குக் கந்தளாய் இடமளித்தது. 2021 நவம்பர் 23இல், பாலம் நிர்மாணத்திலிருந்த வேளையில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றைய தினமே உயிரிழந்தபோது, தண்ணீரில் குதித்தோரில் ஊர் மக்களும் இருந்தனர். மூழ்கும் பிள்ளை யாருடையது என அன்று எவரும் கேட்டதில்லை.

அவ்வாறாயின் பீதி எங்கிருந்து வருகின்றது? லீ கிளார்க், கரோன் செஸ் என்ற ஆய்வாளர்கள் 2008இல் இதற்கு 'மேல்மட்டத்தின் பீதி' எனப் பெயரிட்டனர். மக்கள் அஞ்சுவதைவிட, அதிகாரத்தில் இருப்போர் மக்களைக் கண்டு அஞ்சுவதே பெருங்கேடு விளைவிக்கலாம் என்பது அவர்களது வாதம். இதற்கு நமது நாட்டிலேயே வேதனையான உதாரணமுண்டு. கொவிட் காலத்தில், புதைக்கவும் எரிக்கவும் முடியுமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையுமென்ற காரணத்தைக் காட்டி 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. பிறந்து இருபதே நாளான முஸ்லிம் சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே தடை நீங்கி, மார்ச் 5இல் ஓட்டமாவடியில் நல்லடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மையித்து எழுந்து வந்து எவரையும் கடிக்கவில்லை. உயிரற்ற உடலைக் கண்டு அஞ்சிய ஆணையொன்றே உயிரோடிருந்த குடும்பங்களை வதைத்தது.

எனவே இத்தொடர்களைப் பார்க்கும் இளைஞரைக் கடிந்துகொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. அவர்களோடு அமர்ந்து விவாதிப்பதே மேலானது. கேர்க்மன் தமது சித்திரக்கதையை நீகனின் வெற்றியோடு முடிக்கவில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துக்கூறலாம். இறுதி இதழ் பல்லாண்டுகளின் பின், சட்டமும் குடும்பமும் அமைதியும் மீண்டுவிட்ட ஓர் உலகையே காட்டுகின்றது. அடுத்த பருவத்தில் எந்தக் கொடியவன் வருவான் என ஊகிக்கும் பிள்ளைகளிடம், சுனாமி நாளில் நமது ஊரில் கதவைத் திறந்தவர் யார், கவிழ்ந்த பாதையிலிருந்து பிள்ளைகளைக் கரை சேர்த்தவர் யார் என்றும் கேட்போமாக. அப்பாத்திரங்களின் கதை எந்தச் சித்திரக்கதையிலும் எழுதப்படவில்லை; அதனைச் சொல்லிவைக்கும் பொறுப்பு மூத்தவர்களாகிய நம்முடையதாகும்.