ப்ராஜெக்ட் என்பது சார்ட் ஒட்டுவது மட்டுமல்ல

பள்ளியில் ப்ராஜெக்ட் என்றால் கடையில் படம் வாங்கி சார்ட்டில் ஒட்டிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் உம்மாக்களின் வேலை!

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரிக்காரர் எரிந்த கரியைத் தெருவில் கொட்டுவதைக் கவனித்தார். அந்தப் புகை முதலில் போவது அவர் நெஞ்சுக்குள்தானே? சூரிய மின்சாரத்தில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 5 மணி நேர வெயிலில் 6 மணி நேரம் தேய்க்கலாம். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார்.

நமதூர்ப் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்கள் முதுகு வளைந்து, புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கேற்ற தட்டையோ இருக்கையையோ நம் பிள்ளைகள் யோசிக்கலாம். எங்கே வலிக்கிறது என்று முதலில் உம்மாவிடம் கேட்கட்டும்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். பள்ளி வழியாகத்தான் பதிய வேண்டும். அறிவியல் ஆசிரியரிடம் விசாரியுங்கள்.