கத்தரி தீர்மானிக்கும் பருவம்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பழக்கடைகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை குவியும் விதையில்லாப் பச்சைத் திராட்சை பெரும்பாலும் நாசிக் பக்கத்துச் சரக்கு. மழைக்காலத்தில் அது கண்ணில் படாது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கோ அப்படி மாதக் கணக்கு இல்லை. ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். இரண்டும் திராட்சைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

திராட்சைக்கொடி குளிர்நாட்டுப் பழக்கம் உடையது. பிரான்சில் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கும். பர்கண்டிப் பகுதியின் போன் என்ற சிறு நகரில் 1354 முதல் 2018 வரையிலான அறுவடைத் தேதிகளை ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. அதற்குப் பிறகு சுமார் 13 நாள் முந்திவிட்டது. பூமி சூடேறுவதற்கு ஒரு மதுநகரின் பழைய கணக்கே சாட்சியாகிவிட்டது!

நம் ஊரில் கொடியை உறங்க வைக்கும் குளிர் இல்லை. இங்கே பருவத்தை உண்டாக்குவது கவாத்துக் கத்தரி. நாசிக்கில் ஏப்ரலில் ஒருமுறை வெட்டுகிறார்கள். அது பழத்துக்காக அல்ல, புதுக்கிளைக்காக. அந்தக் கிளையின் ஒவ்வொரு கணுவிலும் வெயிலின் வெப்பத்திலும் ஒளியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முளை உருவாகிறது. இதில்தான் எனக்குத் தீராத வியப்பு: அந்த முளை பூங்கொத்தாகவும் மாறலாம், பற்றுக்கம்பியாகவும் மாறலாம். சைட்டோகைனின் என்ற ஊக்கி ஓங்கினால் கொத்து, ஜிப்ரலின் ஓங்கினால் பற்றுக்கம்பி. மழை ஓய்ந்து அக்டோபரில் இரண்டாம் கவாத்து செய்ததும், உள்ளே தயாராக இருந்த கொத்து வெளியே வருகிறது. மழையில் காய்த்தால் அடிச்சாம்பல் நோய் கொத்தை அழித்துவிடும் என்பதால்தான் இத்தனை மாதக் காத்திருப்பு.

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. 1895 முதல் முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீரும் உண்டு. பன்னீர்க் கொடியில் நான்கைந்து மொட்டு விட்டு வெட்டினாலே கொத்து பிடித்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழுத்துவிடும். அதனால் ஒவ்வொரு கவாத்துக்கும் ஓர் அறுவடை. ஒருவர் மார்கழியில் வெட்டுவார், பக்கத்துத் தோட்டக்காரர் வைகாசியில் வெட்டுவார். இந்த ரகத்தை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

போன் நகரில் அறுவடை நாள் வானிலையின் கையெழுத்து என்றால், கம்பத்தில் அது விவசாயியின் முடிவு. இந்தக் கொடியை வெப்பநாட்டுக்குப் பழக்கிய நம் உழவர்களின் அறிவை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை திராட்சை வாங்கும்போது கொத்தின் காம்பைக் கவனியுங்கள். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு பற்றுக்கம்பி நீண்டு, அதன் நுனியில் இரண்டொரு பழம் தொங்கும். கொத்தும் கம்பியும் ஒரே முளையின் பிள்ளைகள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.