மூன்று படுக்கை அறைகள்!

"விற்பனைக்கு! நகரின் நடுவே, நந்தவனச் சூழலில், மூன்று படுக்கை அறைகள் கொண்ட சொகுசு மாடி வீடுகள்! நீச்சல் குளம் உண்டு! உடற்பயிற்சிக் கூடம் உண்டு! இரவு பகல் காவல் உண்டு!"

முழுப்பக்க விளம்பரம் இப்படித்தான் பேசுகிறது. பார்க்கிறோம், படிக்கிறோம், விலையைக் கேட்கிறோம், பெருமூச்சு விடுகிறோம். கோடி ரூபாய் என்பது அங்கே தொடக்க விலை!

வீடு கட்டுவது குற்றம் என்று நாம் கூறவில்லை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, வங்கிக் கடனை இருபது ஆண்டுகள் தோளில் சுமந்து வீடு வாங்கும் குடும்பத்தின் மீது நமக்குப் பகையும் இல்லை. நமது கேள்வி வேறு. இந்த மாளிகை நிற்கிறதே, அந்த மண் எந்த மண்? அந்த மண்ணில் வியர்வை சிந்தியவன் எங்கே?

பெரம்பூரைப் பாருங்கள், தோழர்களே! பக்கிங்காம் ஆலை, கர்னாடிக் ஆலை என்று இரண்டு ஆலைகள். காக்கித் துணிக்குப் பேர் பெற்ற ஆலைகள்! அங்கே சங்கு ஊதினால்தான் வடசென்னை கண் விழிக்கும். அந்தத் தொழிலாளர்களை நம்பித்தான் 1918 ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார், செல்வபதி செட்டியார் வந்தார். 1921 இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். அடுப்பு எரியவில்லை, ஆனால் நெஞ்சம் எரிந்தது! துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் குருதி தெருவில் ஓடியது.

1996 இல் ஆலை மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது. சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். பிறகு அந்நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. மூன்று தலைமுறை ஒரே அறையில் படுத்து உறங்கி உழைத்த இடத்தில், ஒரே குடும்பத்துக்கு மூன்று படுக்கை அறைகள்!

"மூடிக்கிடந்த நிலம்தானே! புதர் மண்டுவதை விட வீடு வருவது மேல் அல்லவா?" என்பர் சிலர். மேல்தான்! மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு வீடு என்று கேட்கக்கூடாதா?

கேட்டார்கள், பம்பாயில்! அங்கே 1982 இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நிலத்தின் விலையோ விண்ணை முட்டியது. 1991 இல் அந்நகரில் ஒரு விதி வந்தது: ஆலை நிலம் விற்பனைக்கு வருமானால் ஒரு பங்கு பொதுமக்களின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீடுகளுக்கு, ஒரு பங்குதான் உடைமையாளருக்கு. நியாயமான பாகப்பிரிவினை! பொறுப்பார்களா பணக்காரர்கள்? 2001 இல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் நிற்கும் இடம் கணக்கில் சேராது, காலி இடத்தில் மட்டுமே பங்கு என்றனர். மலையாக இருந்த பங்கு மடுவாயிற்று. 2006 இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தம் செல்லும் என்றது. தொழிலாளி சோர்ந்தானா? இல்லை! ஊர்வலம் போனான், கோட்டைக் கதவைத் தட்டினான். 2012 இல் முன்னாள் ஆலைத் தொழிலாளருக்கெனக் குலுக்கலில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒதுக்கப்பட்டன. போதுமா? போதாது. ஆனால் கேட்டதால் கிடைத்தது!

இங்கே? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கூரை கிடைத்தது, வேலை தொலைவாயிற்று. ஊருக்குள் நிலமில்லை என்பது காரணம். ஆலை நிலம் ஊருக்குள்தானே இருந்தது!

சொகுசு வீடுகள் சிலவற்றின் வரைபடத்தைப் பாருங்கள். மூன்று படுக்கை அறைகளுக்குப் பின்னால், சமையலறையை ஒட்டி, நான்காவதாக ஓர் அறை. காற்றும் வெளிச்சமும் குறைந்த அறை. பெயர்: 'வேலைக்காரர் அறை'! நகரின் நடுவே ஏழைக்கு இவர்கள் ஒதுக்கிய இடம் அவ்வளவே.

அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவன் விழுப்புரத்துக்காரனாகவும் இருக்கலாம், பீகார்க்காரனாகவும் இருக்கலாம். இருவரும் தகரக் கொட்டகையில்தான் உறங்கினர். வேலை முடிந்ததும் வாயிற்காவலன் இருவரையும் உள்ளே விடமாட்டான். அவனுக்கு இட்ட உத்தரவு அப்படி! கட்டடத் தொழிலாளருக்கென நலவாரியம் தமிழகத்தில் 1994 முதல் உண்டு. அதில் பதிவு செய்யாத தோழன் உங்கள் தெருவில் இருந்தால், நாளைக் காலையே கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

அத்துடன் நின்றுவிடாதீர்கள். மூடிய ஆலை எதுவாயினும், அதன் நிலம் விற்பனைக்கு வரும் நாளில், "உழைத்தவன் பங்கு எங்கே?" என்று ஊர் கேட்கட்டும்! நாம் இடிக்க வரவில்லை, பறிக்க வரவில்லை. பங்கு கேட்க வந்திருக்கிறோம். நான்காவது அறை வேண்டாம் நமக்கு. நமக்கென ஒரு வாசற்படி வேண்டும்!