வாய்க்கால் வந்த வழி – 7
மழை நின்ற பின்னும் ஓடும் ஓடை

திருமூர்த்தி அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் பல்லடம் சுற்றுவட்டாரத்தில் பேச்சே மாறிவிடும். நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடும் தண்ணீர் என்பதால், நம் மண்டலத்துக்கு எப்போது என்று கணக்குப் பார்த்துத்தான் இங்கே விதைப்பே நடக்கிறது. ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புகை மட்டுமே கிளம்பிய தோட்டங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. சென்ற வாரம் அணையிலிருந்து காண்டூர் கால்வாயின் வழியே பின்னோக்கிப் போய், அந்த 49 கிலோமீட்டர் தொடங்கும் சர்க்கார்பதியில் நின்றோம். இந்த வாரம் சேத்துமடை சோதனைச்சாவடியைத் தாண்டி மலையேறுகிறோம்.

மேலே இருப்பது டாப்சிலிப். வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். கப்பல் கட்டவும் ரயில் பாதைக்குக் குறுக்குக்கட்டை போடவும் இங்கிருந்து தேக்கு போய்க்கொண்டே இருந்தது. மொட்டையான மலையில் மறுபடி மரம் வளர்க்கப் பாடுபட்டவர் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி. 1933-இல் இறந்த அவரை அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஊர் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோழிகமுத்தி யானை முகாமோடு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இங்கே பார்க்க வேண்டியது நடந்து போனால் மட்டுமே தெரியும்.

நாங்கள் நடந்தது போன வழியே திரும்பாமல், காட்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் பாதை. வழிகாட்டி மலசர் சமூகத்து இளைஞர். கூட வந்தவர் பல்லடத்தில் தறி ஓட்டும் நண்பர். இரவும் பகலும் தறிச் சத்தத்திலேயே இருப்பவருக்கு முதல் அரைமணி நேரம் அந்த அமைதி பிடிபடவில்லை. ஏதாவது பேசிக்கொண்டே வந்தார். “அண்ணா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, முன்னால காட்டுமாடு நிக்கும்” என்று தம்பி சொன்ன பிறகுதான் அடங்கினார். அதற்கப்புறம் காதில் விழத் தொடங்கியவை பல. மலை அணில் கொட்டையைக் கடித்துத் துப்புவது, மேலே இருவாச்சி பறக்கும்போது இறக்கை எழுப்பும் பெருமூச்சு, எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் சலசலக்கும் தண்ணீர்.

முதலில் வருவது தேக்கங்காடு. ஜனவரி கடைசி என்பதால் இலை உதிரத் தொடங்கிவிட்டது. காலடியில் அப்பளம்போல் நொறுங்குகிறது. வெயில் நேராகத் தரையில் விழுகிறது. இடையிடையே காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடிப் புதர். குறுக்கே வந்த இரண்டு பள்ளங்களில் கல்தான் இருந்தது, ஈரமில்லை. பிறகு ஒரு சரிவில் இறங்கியதும் சட்டென்று வெளிச்சம் குறைந்தது. சோலைக்காடு. கால் வைத்தால் தரை அமுங்குகிறது. வழிகாட்டி குனிந்து இலைச்சருகை ஒரு சாண் ஆழத்துக்கு விலக்கிக் காட்டினார். மேலே காய்ந்த சருகு, அடுத்துக் கறுத்து மக்கிய இலை, அதற்கும் கீழே நூல்நூலாக வேரும் வெள்ளைப் பூஞ்சை இழையும் பின்னிய கறுப்பு மண். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் கசிந்தது.

பத்தடி தள்ளி ஓடை. பாறையில் இரண்டு மூன்று படியாக விழுந்து, இடுப்பளவு உயரத்தில் ஓர் அருவி. பெயரெல்லாம் கிடையாது. பாசி படிந்த கல்லைச் சுற்றித் தெளிந்த தண்ணீர். அட்டை கடித்த இடத்தைக்கூடக் கவனிக்காமல் நண்பர் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங் தம்பி, இங்க மழ பேஞ்சு எத்தன நாளாச்சு?”

“ஒரு மாசத்துக்கு மேல இருக்குமுங்ணா.”

“அப்புறம் எப்படி இன்னும் தண்ணி ஓடுது?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவரை அழைத்துப் போனேன் என்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கொட்டும் மழை நேராகத் தரையை அறைவதில்லை. அடுக்கடுக்கான இலைகளில் பட்டு, தண்டில் வழிந்து, சருகு மெத்தையில் இறங்குகிறது. வேர் துளைத்த மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மழை நின்ற பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அணைக்கு மதகு இருப்பதுபோல் காட்டுக்கு இந்த மண். இது போய்விட்டால் மழை ஒரே வேகத்தில் மண்ணையும் இழுத்துக்கொண்டு இறங்கும். அணை சேறாகும், கோடையில் ஓடை இருக்காது.

இந்த ஓர் ஓடைதான் பல்லடம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகளை நிரப்புகிறவை இதைப் போன்ற எண்ணற்ற ஓடைகள். மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய அந்தத் தண்ணீரைச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பும் வேலைக்கு 1961 அக்டோபர் 7 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். தூணக்கடவிலிருந்து சுரங்கத்தில் சர்க்கார்பதிக்கு இறங்கி, அங்கே மின்சாரம் தந்துவிட்டு, காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து 124 கிலோமீட்டர் பிரதான கால்வாயில் புறப்பட்டு நம்மிடம் சேர்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: இது புலிகள் காப்பகம், தனியாக நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறியவர்களின் உயிர்களைப் பறித்த பிறகு விதிகள் இறுகின, அது சரியானதே. 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் உள்ள 40 பாதைகளில் டாப்சிலிப் – பண்டாரவரையும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். தீப்பிடிக்கும் கோடை மாதங்களில் மூடிவிடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாம் மறியல் செய்திருக்கிறோம், மனு கொடுத்திருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் உண்ணிச்செடியை அகற்றுங்கள், சோலையைக் காப்பாற்றுங்கள் என்று நம் பாசன சபைக் கூட்டம் எதிலும் தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள். பல்லடம் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்குத் தீம் பார்க் வேண்டாம், பிள்ளைகளை டாப்சிலிப்புக்கு அழைத்துப் போங்கள்.

(தொடரும்)