தூரத்திற்கும் கீழெல்லை உண்டோ?

ஒரு முழக் கயிற்றைப் பாதியாக வெட்டலாம். அப்பாதியை மீண்டும் பாதியாக்கலாம். இவ்வாறு முடிவின்றிப் பகுத்துக்கொண்டே போகலாம் என்பது ஏட்டுக் கணக்கு. இயற்கை இதற்கு இடங்கொடுக்குமா என்பது பௌதிக விஞ்ஞானிகள் நெடுநாளாக ஆராய்ந்து வரும் கேள்வியாகும்.

இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் தாணு பத்மநாபன். 1957-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, அந்நகரின் யூனிவர்சிட்டி கல்லூரியில் பயின்ற இவர், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும் பின்னர்ப் புனேயிலும் பணியாற்றி, 2021-இல் காலமானார்.

மிகச் சிறிய பொருளைக் காண வேண்டுமாயின், அதனினும் குறுகிய அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் சக்தி பெருகும் என்பது குவாண்டம் கொள்கை. சக்தி மிகச் சிறிய இடத்தில் திரண்டால், ஒளியும் வெளியேற இயலாத கருந்துளை உண்டாகும் என்பது ஐன்ஸ்டீன் கொள்கையின் முடிவு. ஆகவே ஓர் அளவுக்குக் கீழே காண முயன்றால், அம்முயற்சியே காட்சியை மறைத்துவிடும். அவ்வளவு, ஒரு சென்டிமீட்டரைப் பத்தால் 33 முறை தொடர்ந்து வகுத்தால் கிடைப்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது. இவ்வகை வாதத்தை 1964-இல் மீட் என்பவர் எடுத்துரைத்தார். 1987-இல் பத்மநாபனும் இதனை ஆராய்ந்து எழுதினார்.

1997-இல் அவர் மேலும் ஒரு படி சென்றார். துகள் செல்லும் பாதை நெடியதாயினும், அதற்குத் தலைகீழ் விகிதத்தில் குறுகியதாயினும், இயற்கை அவ்விரண்டையும் ஒன்றுபோல் மதிக்கிறது எனக் கொண்டு கணக்கிட்டார். அப்போது தூரத்தின் வர்க்கத்தோடு மாறாத சிறு வர்க்கமொன்று கூடுகிறது. இரு புள்ளிகள் எவ்வளவு நெருங்கினும் தூரம் சுன்னமாவதில்லை.

துகள்களைப் புள்ளிகளாகக் கொள்ளாது நுண்ணிழைகளாகக் கருதும் இழைக் கொள்கையிலும் இத்தகைய தலைகீழ் ஒற்றுமை உண்டு. 2006-இல் பத்மநாபனும் ஸ்பல்லூச்சி, ஃபொன்டானினி ஆகியோரும் இழைகளின் அசைவிலிருந்தே அந்தக் கீழெல்லையைப் பெறலாம் என்று காட்டினர்.

இத்தகைய ஆராய்ச்சியால் பயன் யாது? ஈர்ப்பைச் சேர்க்காதவரை குறையற்றனவாகத் தோன்றும் கொள்கைகள் பல உள. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒருங்கே சேர்த்தால் அவற்றுள் பல முரண்பட்டு வீழ்ந்துவிடும் எனக் கருதப்படுகிறது. கரையிலிருந்து பார்ப்போருக்கு விளைநிலம்போல் தோன்றி, கால் வைத்தவுடன் அமிழ்த்தும் நிலத்திற்கு ஒப்பிட்டு, இவற்றிற்குச் ‘சதுப்பு நிலம்’ என 2005-இல் கும்ருன் வாஃபா பெயரிட்டார்.

எனினும் முரணின்மை ஒரு சல்லடையே. சோதனைக்கு அது ஈடாகாது. ஜெனீவாவிலுள்ள பெரிய துகள் முடுக்கி எட்டுவது, மேற்கூறிய 33 படிகளில் ஏறக்குறைய 18 படிகளே. எஞ்சியவற்றை இன்று கணக்கே கடக்கின்றது. கணக்கு எங்கே முடிகிறது, சோதனை எங்கே தொடங்க வேண்டும் என்பதை மாணவர்க்குப் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடமையாகும்.