ஆரம்ப வகுப்பும் ஒளித்திரையும்

குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மணலும் விரலும், ஏடும் எழுத்தாணியும் ஒரு காலத்திற் போதியனவாயிருந்தன. பின்னர்க் கற்பலகையும் அச்சுப் புத்தகமும் வந்தன. இன்று ஒளித்திரை வந்துள்ளது. புதியது என்பது பற்றி ஒரு கருவியைக் கொள்ளுதலும் தள்ளுதலும் அறிவுடைமையாகா. அஃது எதற்கு உதவுகின்றது, எதன் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது என்னும் இரண்டுமே ஆராயத்தக்கன. இவ்விரு வினாக்களையும் மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையோரத்திலுமுள்ள ஆரம்ப வகுப்புகளோடு பொருத்தி நோக்குவது பயனுடைத்து.

இலங்கையிற் பாடசாலைகள் கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும் காலங்கழிய, இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதியே மீளத் தொடங்கின. அக்காலத்தில் தொலைக்காட்சிப் பாடங்களும் கைத்தொலைபேசி வகுப்புகளுமே பிள்ளைக்கும் ஆசிரியர்க்கும் இடையே எஞ்சிய தொடர்பாயின. திரை அன்று செய்த உதவி மறக்கற்பாலதன்று. ஆயினும் அவ்வுதவி எல்லார்க்கும் ஒப்பக் கிட்டவில்லை. கடற்றொழிலாளர் வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி இருந்ததாயின், அது தந்தையோடு கடலுக்குச் சென்ற வேளையிற் பிள்ளையின் வகுப்பும் உடன்சென்றது. பாடசாலைகள் திறந்த பின்னரும் திரையின் பழக்கம் பிள்ளைகளை விட்டு நீங்கவில்லை. ஆற்றைக் கடத்தற்கு உதவிய ஓடத்தைக் கரையேறிய பின்னும் தோளிற் சுமக்க வேண்டுமா என்பதே இன்றைய வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஆரம்பக் கல்வியின் இயல்பை அறிதல் வேண்டும். 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் 1998இற் கம்பஹா மாவட்டத்திற் பரீட்சிக்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்தது. அது வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை எனக் கற்றலை மூவகைப்படுத்தியது. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் மிகுந்த இடமளித்து, தரம் உயர உயர எழுத்துவேலையை மிகுவித்தது. சிறுபிள்ளை கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் காலாலும் நாவாலும் கற்கின்றது என்பதே இவ்வமைப்பின் உட்கருத்தாகும். திரைக்கு முன்னே நெடுநேரம் அமர்த்தப்படும் பிள்ளையிடத்தில் கண்ணும் செவியும் தொழிற்படுகின்றன. ஏனைய உறுப்புகள் ஓய்ந்து கிடக்கின்றன.

கையின் தொழில் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஓர் ஆய்வு சான்று பகரும். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காரின் ஜேம்ஸ் என்பவரும் அவருடன் ஆய்ந்தவரும், வாசிக்கப் பழகாத ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வினை 2012இல் வெளியிட்டனர். பிள்ளைகள் சில எழுத்துக்களைத் தம் கையால் எழுதினர். சிலவற்றை விசைப்பலகையில் அழுத்தினர். சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தனர். பின்னர் மூளையைப் படம்பிடித்து நோக்கியவிடத்து, தாமாக எழுதிப் பழகிய எழுத்துக்களைக் கண்டபோதே வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் தெளிவாகத் தொழிற்பட்டன. விசயதசமி நாளில் அரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் நம் மரபு இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தது போலும்.

கண்ணின் நலமும் இங்குக் கருதற்பாலது. சீனாவிலுள்ள குவாங்சோ நகரின் 12 ஆரம்பப் பாடசாலைகளில் நடைபெற்ற ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. முதலாந் தரப் பிள்ளைகளுள் ஒரு பகுதியார் பாடசாலை நாள்தோறும் மேலும் 40 நிமிடங்கள் வெளியிற் செயற்பட்டனர். மூன்றாண்டுகளின் பின்னர், அவர்களிடையே புதிதாகக் குறும்பார்வை தோன்றியோர் 30.4 சதவீதத்தினராகவும், ஏனையோரிடையே 39.5 சதவீதத்தினராகவும் இருந்தனர். வெயிலும் வெட்டவெளியும் நிறைந்த மன்னாரில் இம்மருந்து விலையின்றிக் கிடைப்பது. கதவையும் யன்னலையும் சாத்தி, இருளாக்கிய அறையில் திரையை ஏற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

திரையையே ஆசிரியராக்கிப் பார்த்த தீவும் உண்டு. பசிபிக் சமுத்திரத்திலுள்ள அமெரிக்க சமோவாவில், 1964இல், ஆளுநர் ரெக்ஸ் லீயின் முயற்சியால் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. முதன்மைப் பாடம் திரையில் வர, வகுப்பாசிரியர் அதனைப் பின்பற்றிப் பயிற்சியளிப்பவராயினர். 1970களில் அத்திட்டம் சுருங்கி, தொலைக்காட்சி துணைக்கருவி என்னும் நிலையை அடைந்தது. இதன்கண் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. திரை வினாவெழுப்பும், ஆனால் வாய்திறக்கத் தயங்கும் பிள்ளையின் முகம்பார்த்துக் காத்திராது. இன்றைய கருவி பிழையைச் சுட்டிக்காட்டவும் வல்லது. எனினும் அப்பிழை பசியால் வந்ததா, பயத்தால் வந்ததா என அறிதல் ஆசிரியர்க்கே இயலும்.

அங்ஙனமாயின் திரைக்கு வகுப்பில் இடமில்லையோ எனின், உண்டு. கைக்கு எட்டாததைக் காட்டுதலே அதன் பணி. மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு நீரடியிற் புல் மேய்வதைப் பிள்ளை வேறெவ்வாறு காணும்? தான் நிற்கும் தீவு இராமேசுவரத்தை நோக்கி நீட்டிய கைபோலக் கிடப்பதையும், இடையே மணற்றிட்டுகள் தொடர்வதையும் செய்மதிப் படத்திற் கண்டால், ஐந்து நிமிடத்தில் நிலப்படம் என்பது யாதென விளங்கிவிடும். ஆனால் வங்காலைச் சதுப்புநிலத்துக்குப் பருவந்தோறும் வரும் பூநாரையையும், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தையும், கட்டுக்கரைக்குளத்து நீர் வயலுக்குப் பாயும் வாய்க்காலையும் அயலிலுள்ள பிள்ளைக்குத் திரையிற் காட்டுதல் முறையன்று. எண்ணுதற்குச் சிப்பியும் சோகியும் கரையிற் கிடக்கின்றன. பயறு முளைப்பதைத் திரை ஒரு நிமிடத்திற் காட்டும். ஈரப்பஞ்சிலோ சில நாட்கள் செல்லும். அந்நாட்களிற் பிள்ளை காத்திருந்து, நீர் தெளித்து, அளந்து, குறித்து வைப்பதே பாடமாகும்.

1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், அச்சியந்திரம் என்னும் அந்நாளைய புதுக்கருவியைத் தயங்காது கைக்கொண்டார். எனினும் பிள்ளைகள் எதனை எம்முறையிற் படித்தல் வேண்டும் என வகுத்தே பாலபாடங்களை அச்சேற்றினார். கல்வியின் ஒழுங்குக்குக் கருவி பணிந்தது. கருவிக்கு ஒழுங்கு பணியவில்லை.

தாம் கற்ற பாடசாலைக்கு யாதேனும் செய்ய விரும்பும் பழைய மாணவர் பலர் இந்நாளில் ஒளித்திரையையே முதலில் நினைக்கின்றனர். அவர்தம் அன்பு போற்றத்தக்கது. அதனோடு வாசிப்பு நூல்களும், உருப்பெருக்குக் கண்ணாடிகளும், கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வண்டிச் செலவும் சேருமாயின் அக்கொடை நிறைவுறும். வீட்டில் வேறு பொழுதுபோக்கின்றிக் கைத்தொலைபேசியையே நோக்கியிருக்கும் வறிய பிள்ளைக்கு, நூலும் தோழரும் பேச்சும் ஒருங்கே கிடைக்குமிடம் வகுப்பறை ஒன்றேயாம். அவ்விடத்தையும் திரைக்கே விட்டுக்கொடாது காத்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பொதுக்கடனாகும்.