கட்டியங்காரன் கூட்டிப்போனால்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டு, சிவப்புத் தொப்பி போலீஸ்காரரோடு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பும் சுற்றுலாக்காரர் குறைவு. 'கெப்பி' எனப்படும் அந்த உருளைத் தொப்பி பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றது. 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது, தொப்பி மாறவில்லை. வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவருக்கு அது வெறும் சீருடை. பார்க்க வந்தவர்கள்தான் அவரைச் சரித்திரப் பாத்திரமாக்கிவிடுகிறார்கள்.

வேஷம் கட்டியவர்கள் ஊரைச் சுற்றிக்காட்டும் நடை வெளிநாடுகளில் பழகிப்போன ஒன்று. ஸ்டாக்ஹோமில் 1891ல் ஆர்தர் ஹாசேலியஸ் திறந்த ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளோடு பழைய உடுப்பில் ஆட்களும் இருந்தார்கள். வட அமெரிக்க மலையூர்கள் பலவற்றில் பழைய சுரங்கத் தொழிலாளியோ விடுதிக்காரியோ விளக்கோடு முன்னால் நடக்க, கூட்டம் பின்னால் போகும்.

புதுச்சேரியிலும் மரபு நடைகள் உண்டு. இன்டாக் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக நடத்துகின்றன. இங்கே வேஷம் சேர்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் முதலில் தைக்கப்படுவது பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கோட்டாகத்தான் இருக்கும் என்பது என் பயம். நடையும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு நடுவிலேயே முடிந்துவிடும்.

தேங்காய்த்திட்டிலிருந்து தொடங்கலாமே. மீன்பிடித் துறைமுகத்தில் படகேறினால் அலையாத்திக் காட்டை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றில் போகலாம். ஒரு கரையில் அரிக்கமேடு. 1945ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்த இடம் அது. மணி செய்த ஊர் என்பதற்கும் அங்கே சான்றுகள் ஏராளம். ரோமானியன் வேஷம் கட்ட ஆள் கிடைப்பான். மணி கோத்தவளுக்கு யார் கட்டுவது? இதே அரியாங்குப்பத்துக் கோட்டையில்தான் 1748ல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவென் நாள்களைத் தொலைத்தார். பிறகு புதுச்சேரி நகரை முற்றுகையிட்டும் பலிக்காமல், மழைக்காலம் வரவே திரும்பிப் போனார். ஆறு கடலில் சேரும் பக்கம் வீராம்பட்டினம். அங்கே செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். அந்த வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். அதிகாரியே பாத்திரமாகிற நாள் அது.

கரையேறினால் முதலியார்பேட்டை. ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஆலை 2020ல் மூடப்பட்டுவிட்டது. 1936 ஜூலை 30ல் புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. இந்தப் பாத்திரத்துக்குத் தையற்காரரே வேண்டாம், பஞ்சு ஒட்டிய வேட்டி போதும்.

உடுப்பைப் பற்றி எழுத்திலேயே குறிப்பு கிடைக்கிற ஆள் ஒருவர் உண்டு: ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல் பிறந்தவர், டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். மேளவாத்தியம் முன்செல்ல, அவர் பல்லக்கிலேயே கவர்னர் மாளிகை முற்றம்வரை போகலாம். தங்கப்பூண் போட்ட தடி வைத்துக்கொள்ளலாம். வேலைப்பாடு செய்த செருப்போடு கவர்னர் முன் நிற்கலாம். செருப்பைக் கழற்றாமல் நிற்பது எவ்வளவு பெரிய சலுகை என்று அந்தக் காலத்து மனிதனுக்குச் சொல்லவே வேண்டாம். இன்றைய சுற்றுலாக்காரருக்கு யாராவது சொன்னால்தான் விளங்கும். 1736லிருந்து 1761வரை கப்பல் வரவு, சரக்கு விலை, மாளிகைச் சச்சரவு எல்லாவற்றையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் இருக்கிறது. ஏழை மக்களை வஞ்சித்துப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரமும் இருக்கிறது. 1761 ஜனவரி 12ல் அவர் இறந்தார். நான்கு நாளில் நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்னும் நிற்கிறது.

அந்த அடிமைகளை யார் நடிப்பது? அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை வேஷம் கட்டி நடித்துக் காட்டியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. வலியை வேடிக்கையாக்குகிறீர்கள் என்றார்கள் ஒரு சாரார். மறைப்பதைவிட இது மேல் என்றார்கள் மறு சாரார். இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் பிளிமத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1627ஆம் வருஷத்து மனிதராகவே பேசும் நடிகர்களிடம் செல்போனைக் காட்டினால் தெரியாததுபோல் விழிப்பார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு நடந்தது எதையும் அந்தப் பாத்திரம் சொல்ல முடியாது.

நம் தெருக்கூத்து இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. கூத்தை நடத்திப்போகும் கோமாளியான கட்டியங்காரன் எந்தக் காலத்திலும் நிற்பான். ராஜாவைப் பார்த்து நீர் யார் என்பான், ராஜா விருத்தம் பாடித் தன்னைச் சொல்வார். அடுத்த நிமிஷமே கூட்டத்தின் பக்கம் திரும்பி, ராஜாவைக் கேலி செய்து, இன்றைய விலைவாசியையும் இழுப்பான். டூப்ளே வந்தாலும் அவனிடம் தப்ப முடியாது. நடந்துகொண்டே நடிப்பதும் நமக்குப் புதிதல்ல. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பீமன் வேஷக்காரர் சோற்று வண்டியேறித் தெருத்தெருவாகப் போவார், பகாசுரனைத் தேடி. முழு ஊரும் மேடை.

பிரெஞ்சுக்காரர்கள்கூடக் கூத்தின் இந்த வலுவைக் கண்டுகொண்டார்கள். பாரீஸின் தெயாத்ர் து சொலெய் நாடகக் குழு, 2015 கடைசியில் அதன் இயக்குநர் அரியான் முனுஷ்கினுடன் புதுச்சேரிக்கு வந்து தங்கியது. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு பாரீஸில் அரங்கேறிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில் கூத்துக் காட்சிகள் வந்தன.

கட்டியங்காரன் கூட்டிப்போகும் நடைக்குச் செலவுக் கணக்கும் உதைக்காது. கூத்துக் குழுக்களுக்குக் கோயில் திருவிழா வேலை மாசி, பங்குனியிலிருந்து ஆடிவரைதான் மும்முரம். புதுச்சேரியில் விடுதி அறை கிடைக்காமல் ஆட்கள் அலைவது மார்கழியில். அந்த மாதத்தில் கலைஞர்கள் பெரும்பாலும் கையில் ஆட்டமில்லாமல் இருப்பார்கள். மழை ஓய்ந்து, ஆற்றில் படகு விடவும் தோதான பருவம்.